நெஞ்சு வலியை மறைக்காதீர்கள்!

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி, அஸர் தொழுகைக்குப் பின் நடைபெற்ற உடல்நலச் சிறப்புக் கூட்டத்தில், அனல் மின் நிலையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஜமாஅத் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இதயத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன், நோயாளி. 11 ஆண்டுகளாக நெஞ்சு வலியுடன் வாழ்ந்து வருபவன். நம் ஊரின் முதலாம் அனல் மின் நிலையத்தில், கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்த்தவன். 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய அந்த 600 மெகாவாட் நிலையம், தன் காலம் முடிந்து 2020-இல் மூடப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். நிலையம் மூடப்பட்டுவிட்டது, என் இதயம் அல்லாஹ்வின் கருணையால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எப்படி ஓடுகிறது, அதில் மருத்துவரின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

என் நண்பரின் செருப்பு வார்

முதலில் ஒரு நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் நானும் ஒரே ஷிப்டில் பணியாற்றினோம். பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். பஜ்ருத் தொழுகைக்கு இருவரும் சேர்ந்தே நடந்து வருவோம். வழியில் ஒரு சிறுபாலம் உண்டு. அதன் அருகே வந்ததும் அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். ஒன்றிரண்டு நிமிடங்கள் ஆகும். பின்பு நிமிர்ந்து நடப்பார். மறுநாளும் அதே இடம், அதே வார். "புதுச் செருப்பு ஒன்று வாங்கக்கூடாதா?" என்று நான் கேலி செய்ததும் உண்டு.

அவர் சரிசெய்தது செருப்பை அன்று. தம் நெஞ்சைத்தான் என்பது அவர் வஃபாத்தான பிறகே எனக்கு விளங்கியது. மகளின் நிகாஹ் நிச்சயமாகியிருந்த நேரம். மருத்துவமனைக்குப் போனால் ஆஞ்சியோகிராம் என்பார்கள், ஷிப்டுக்குத் தகுதியில்லை என்பார்கள், சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்றெல்லாம் எண்ணி, எவரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். ஓர் இரவு வலி வந்தபோது வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்தார். ஓம வாட்டர் குடித்தார். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தார். மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறைவன் அவருடைய பிழைகளைப் பொறுத்து அருள்வானாக.

சில ஆண்டுகளுக்குப் பின், அதே சாலையில், அந்தச் சிறுபாலத்திற்குச் சற்று முன்பாக என் நெஞ்சின் நடுவில் ஒரு பாறாங்கல்லை வைத்து அழுத்தியதுபோல் இருந்தது. அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் குனிந்து செருப்பு வாரைத் தொட்டேன்! பக்கத்தில் வந்தவர் பார்த்துவிடக்கூடாதே என்ற வெட்கம். அந்த வெட்கம் எவ்வளவு கொடியது என்பதை என் நண்பரின் மரணம் எனக்குக் கற்றுத் தந்திருந்தும், அதை வெல்ல எனக்கு மூன்று மாதங்கள் ஆயின.

இந்த வலி என்ன?

இதயம் உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. அந்த இதயத் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டு தருபவை இதயத் தமனிகள். அவற்றின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்பு படிந்து பாதை குறுகிவிட்டால், அமர்ந்திருக்கும்போது தேவையான இரத்தம் போய்ச் சேரும். படியேறும்போதும், சுமை தூக்கும்போதும், கோபப்படும்போதும் தேவையான கூடுதல் இரத்தம் போய்ச் சேராது. அந்தப் பற்றாக்குறையை இதயம் வலியாக வெளியிடுகிறது. இதைத்தான் மருத்துவர்கள் ஆஞ்சைனா என்கிறார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். மின்தேவை உற்பத்தியை மிஞ்சினால் அதிர்வெண் 50-லிருந்து இறங்கும்; கட்டுப்பாட்டு அறையில் அபாய மணி ஒலிக்கும். உடனே சுமையைக் குறைப்போம். இல்லையேல் முழு மின்தொகுப்பும் விழுந்துவிடும். ஆஞ்சைனா என்பது இதயத்தின் அபாய மணி. மணி ஒலித்தால் சுமையைக் குறைக்க வேண்டும். காரணத்தைத் தேட வேண்டும். மணியின் கம்பியை அறுத்துவிட்டு வேலையைத் தொடரும் ஊழியரை நாம் என்ன சொல்வோம்? வலிக்குச் சோடா குடிப்பது அந்தக் கம்பியை அறுப்பதுதான்.

வலி என்று சொல்கிறோமே தவிர, பலருக்கு அது வலியாகவே இருப்பதில்லை. இறுக்கம், பாரம், எரிச்சல், மூச்சு முட்டல் என்று பலவிதமாக இருக்கும். நெஞ்சின் நடுவில் தொடங்கி இடது தோள், கை, கழுத்து, தாடை, மேல் வயிறு, முதுகு வரை பரவலாம். நடந்தால் வரும், நின்றால் சில நிமிடங்களில் போகும். "நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது" என்ற இந்த ஒழுங்கே அதன் அடையாளம். என் நண்பருக்குச் சிறுபாலத்தருகே நாள்தோறும் நிகழ்ந்தது அதுவே.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பெண்களுக்கு நெஞ்சு வலியோடு, அல்லது நெஞ்சு வலியே இல்லாமல், மூச்சு வாங்குதல், மிகுந்த களைப்பு, குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி என்று இது வெளிப்படலாம். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் இருக்கலாம். சமையலை முடித்துவிட்டு, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று நீங்கள் தள்ளிப்போடுகிறீர்கள். "அடுப்படிச் சூடு, ஒன்றுமில்லை" என்று நாங்களும் சொல்லிவிடுகிறோம். இரு தரப்பாரும் இதை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

என் இரண்டாவது தவறு

ஆஞ்சியோகிராம் எடுத்து, மருந்துகள் தொடங்கப்பட்ட பின் நான் வேறொரு தவறைச் செய்தேன். முன்பு மறைத்தேன், இப்போது ஒடுங்கினேன். ஒவ்வொரு வலியும் ஒரு சிறிய மாரடைப்பு என்றும், ஒவ்வொரு முறையும் இதயத்தின் ஒரு பகுதி செத்துப் போகிறது என்றும் நானாகவே நம்பிக்கொண்டேன். நடப்பதை நிறுத்தினேன். கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தினேன். துணைவியார் ஒரு செம்புத் தண்ணீரைக்கூட என்னைத் தூக்க விடவில்லை. நாற்காலியே கதி என்றானேன். பலன் என்ன? முன்பு அரைக் கிலோமீட்டரில் வந்த வலி, இப்போது வாசலுக்கும் வேலிக் கதவுக்கும் இடையிலேயே வந்தது.

சில நிமிடங்களில் தணிந்துவிடும் வழக்கமான ஆஞ்சைனா இதயத் தசையைச் சாகடிப்பதில்லை. அது எச்சரிக்கை, சேதம் அன்று. மாரடைப்பு வேறு, அதில் தமனி முற்றிலும் அடைபட்டுத் தசை சாகத் தொடங்குகிறது. இந்த வேறுபாட்டை அறியாத அச்சமே என்னை முடமாக்கியது.

இந்நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். 1768-இல் அங்குள்ள மருத்துவர் சங்கத்தில் அவர் அதைப் பற்றி உரையாற்றினார். 1772-இல் அது அச்சாயிற்று. அவருக்குத் தெரிந்த நோயாளி ஒருவர், நாள்தோறும் அரை மணி நேரம் மரம் அறுப்பதைக் கடமையாக வைத்துக்கொண்டு ஏறக்குறையக் குணமடைந்துவிட்டார் என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். மாத்திரையும் ஊசியும் இல்லாத காலம் அது. முறையாகப் பழகிய உடலில் அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தால் போதும்; குறைவாகத் துடித்தால் அதன் தேவையும் குறையும் என்பது இன்று நமக்குத் தெரிந்த விளக்கம்.

இக்காலத்திலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் யார்க் நகரில் இராபர்ட் லெவின் குழுவினர், ஆஞ்சைனா புதிதாகக் கண்டறியப்பட்ட 142 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குத் தவறான நம்பிக்கைகளை நீக்கும் ஒரு கையேடும், மனத்தைத் தளர்த்தும் பயிற்சிக்கான ஒலிநாடாவும் தந்து, இடையிடையே செவிலியர் தொலைபேசியில் விசாரித்தனர். ஆறு மாதத்தில் அப்பிரிவினருக்கு வாரத்திற்குச் சராசரியாக 3 முறை வலி குறைந்தது. மற்றப் பிரிவினருக்கு அரை முறைகூடக் குறையவில்லை. இது 2002-இல் வெளியானது. கனடாவின் டொராண்டோ நகரில் 130 பேரிடம் நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. வாரம் 2 மணி நேரமாக 6 வாரம் கூடிப் பேசிக் கற்றவர்களுக்கு, வலியும் குறைந்தது. நோயைத் தாமே சமாளிக்க முடியும் என்ற உறுதியும் வளர்ந்தது. கையேடும் கூடிப் பேசுவதும் மருந்தாகுமா என்று நானும் ஐயப்பட்டவன்தான். ஆகும் என்பதை அனுபவத்தில் கண்டேன்.

வலிக்கு ஒரு லாக் புத்தகம்

என்னைப் பார்த்த மருத்துவர் ஒருநாள் கேட்டார்: "முப்பது ஆண்டுகள் மணிக்கு மணி மீட்டர் பார்த்து எழுதியவர் நீங்கள். உங்கள் நெஞ்சுக்கு லாக் எழுதினீர்களா?" வெட்கமாய்ப் போயிற்று. அன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். வலி வந்த நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, வலி நீடித்த நிமிடங்கள், வைத்த மாத்திரை ஆகிய நான்கே கட்டங்கள்.

ஒரு மாதம் முடிந்து பார்த்தால், எங்கிருந்தோ திடீர் திடீரென்று வருவதாக நான் நினைத்த வலி, பெரும்பாலும் மூன்றே இடங்களில் வந்திருந்தது. காலையில் குளிப்பதற்கு வெந்நீர் வாளியைத் தூக்கும்போது. பகல் சாப்பாடு முடிந்த கையோடு கடைக்கு நடக்கும்போது. ஊரில் உள்ள சொத்து விவகாரமாகத் தம்பியிடம் தொலைபேசியில் பேசும்போது!

வாளியைப் பாதியாக நிரப்பி இரண்டு முறையாக எடுத்தேன். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு நடந்தேன். தம்பியிடம், "இதை மகன் பேசுவான்" என்று சொல்லிவிட்டேன். மருந்தில் எந்த மாற்றமும் இல்லாமல், அடுத்த மாத நோட்டில் பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

கோபத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் ஆஞ்சைனா நோயாளி. தம்மைச் சீண்டும் எவன் கையிலும் தம் உயிர் இருக்கிறது என்று அவரே சொல்லியிருந்தார். 1793 அக்டோபர் 16 அன்று, தாம் பணியாற்றிய இலண்டன் மருத்துவமனையின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வாக்குவாதம் ஏற்பட, அங்கிருந்து எழுந்து பக்கத்து அறைக்குப் போனவர் அப்படியே விழுந்து இறந்தார். நம் பொதுக்குழுவில் குரல் உயர்த்தும் பெரியவர்கள் இதைச் சற்றே நினைவில் கொள்ளலாம்.

நடையையும் நோட்டை வைத்தே கூட்டினேன். முதல் வாரம் வேலிக் கதவிலிருந்து மூன்று மின்கம்பங்கள் வரை. அடுத்த வாரம் ஐந்து. முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, இறுதி ஐந்து நிமிடமும் மெதுவாக. இடையில் பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச்சு தடைபட்டால் வேகம் மிகுதி என்று பொருள். வலி வந்தால் நின்றுவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று பல்லைக் கடித்து நடப்பது வீரமன்று. நம் டவுன்ஷிப்பின் சாலைகள் சமதளம். இருமருங்கும் நிழல் மரங்கள். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நடக்காமலிருப்பது நன்றிகெட்ட செயல். அக்னி நட்சத்திர வெயிலிலும் மார்கழிக் குளிரின் அதிகாலையிலும் மட்டும் எச்சரிக்கை வேண்டும். குளிர் காற்று இரத்தக் குழாய்களைச் சுருக்கும். காதையும் நெஞ்சையும் மூடிக்கொண்டு சற்றுத் தாமதமாக நடக்கலாம்.

நாக்கின் அடியில் ஒரு வரலாறு

இனி மாத்திரை. ஆஞ்சைனா உள்ளவர் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மருந்தின் மூலம் எது தெரியுமா? நைட்ரோகிளிசரின். ஆல்பிரட் நோபல் 1867-இல் டைனமைட் செய்தாரே, அதே வெடிபொருள்! 1879-இல் இலண்டனின் வில்லியம் மரல் அதை மிகச் சிறிய அளவில் ஆஞ்சைனாவுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். 1896-இல் நோபல் இறப்பதற்குச் சிறிது காலம் முன்பு, அவருடைய இதய நோய்க்கு மருத்துவர்கள் அதே பொருளை மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். அது உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்சைடின் இந்தப் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசே கிடைத்தது. நம்மில் பலர் பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இந்த மாத்திரைகள் வெடிக்கமாட்டா, அஞ்ச வேண்டாம்.

டைனமைட் ஆலைத் தொழிலாளர்களுக்குத் திங்கட்கிழமைதோறும் கடும் தலைவலி வரும். நாள் செல்லச் செல்ல உடல் பழகித் தலைவலி மறையும். ஞாயிறு விடுமுறைக்குப் பின் மீண்டும் வரும். இந்த மருந்துக்கு உடல் விரைவில் பழகிவிடும், இடைவெளி விட்டால் மீண்டும் வேலை செய்யும் என்பதற்கு இதுவே சான்று. நாள்தோறும் விழுங்கும் நைட்ரேட் மாத்திரைகளை, இரவில் நீண்ட இடைவெளி விட்டு மருத்துவர் எழுதுவது இதனால்தான். அந்த நேரத்தை நாமாக மாற்றினால் மருந்து பயனற்றுப் போகும்.

மாத்திரையைப் பயன்படுத்தும் முறையைக் கவனியுங்கள். வலி வந்ததும் வேலையை நிறுத்தி அமர வேண்டும். நின்றுகொண்டே வைத்தால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழக்கூடும். ஒரு மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட வேண்டும், விழுங்கக்கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி தணியவில்லை என்றாலோ, கூடுகிறது என்றாலோ, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை, மருத்துவர் முன்பே சொல்லியிருக்கும் முறைப்படி அடுத்த மாத்திரையை வைக்கலாம். தலைவலி வருவது இயல்பு. படியேறுமுன் முன்கூட்டியே ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

ஒன்றைக் கூச்சமின்றிச் சொல்லியாக வேண்டும். ஆண்மைக் குறைவுக்கு விற்கப்படும் சில்டெனாஃபில், டடாலாஃபில் வகை மாத்திரைகளை இந்த மருந்தோடு சேர்த்து எடுத்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவில் வீழ்ந்துவிடும். மருத்துவரிடம் மறைத்து எவரும் அவற்றை வாங்க வேண்டாம்.

மாத்திரை எங்கே இருக்க வேண்டும்? அலமாரியில் அன்று, உங்கள் சட்டைப் பையில். பள்ளிவாசலுக்கு வரும்போதும்தான். எந்தப் பை என்பது உடன் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குப்பியில் வரும் மாத்திரையானால் அதே குப்பியில், இறுக மூடி, வெயில் படாமல் வைக்க வேண்டும்.

மற்ற அன்றாட மருந்துகளான ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றை வலி இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலி முன்னிலும் கடுமையாகத் திரும்பும். எப்போதும் பதினைந்து நாள் மருந்து கையிருப்பில் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதே, மறந்திருக்கமாட்டீர்கள். மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டு, மின்சாரமும் இல்லாமல் கிடந்த நாள்களில் மருந்துக்கடையைத் தேடி எங்கே போவது?

ஸ்டென்ட் வைத்தால் தீர்ந்ததா?

"ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனி என்ன?" என்று கேட்போர் பலர். மாரடைப்பின்போது ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது; அதில் ஐயமில்லை. ஆனால் நிலையான ஆஞ்சைனாவின் கதை வேறு. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரைக் கொண்டு நடந்து, 2020-இல் வெளியான இஸ்கீமியா என்னும் பேராய்வு, நிலையான நோயுள்ளவர்களில் தொடக்கத்திலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும், மருந்தோடும் வாழ்க்கை மாற்றத்தோடும் தொடங்கியவர்களுக்கும், மாரடைப்பிலும் மரணத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு ஸ்டென்டும் பைபாஸும் வலியை நன்கு குறைத்தன என்றும் கண்டது. இடது முதன்மைத் தமனியில் பெரிய அடைப்பு உள்ளவர்கள் இந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்கு முடிவு வேறு. ஆகவே உங்களுக்கு எது தேவை என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். எதைச் செய்துகொண்டாலும் மருந்தும், நடையும், நாவடக்கமும் தொடர வேண்டும் என்பதே பாடம்.

புகையை விடுவதைவிடப் பெரிய மருந்து இல்லை. விட்ட ஓராண்டில் புகையால் கூடியிருந்த இதய ஆபத்து ஏறக்குறையப் பாதியாகிறது. உப்பு ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி அளவே. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் அந்தக் கணக்கில் சேரும். வலீமா விருந்தில் பிரியாணியை மறுக்கச் சொல்லவில்லை. ஒரு கையளவோடு எழுந்துவிடச் சொல்கிறேன். விருந்தளிப்போரும், "இன்னும் ஒரு கரண்டி" என்று வற்புறுத்துவதை அன்பு என்று எண்ண வேண்டாம்.

நோன்பும் நெஞ்சு வலியும்

இதில் என் மூன்றாவது தவறையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு ரமளானில் எவரிடமும் கேட்காமல், பகல் மாத்திரைகளை எல்லாம் நானே இஃப்தாருக்கு மாற்றிக்கொண்டேன். நோன்பு திறந்ததும் வடை, சமோசா, கஞ்சி என்று வயிறு நிறைய உண்டுவிட்டுத் தராவீஹுக்கு விரைந்தேன். நான்காம் இரவு, தொழுகையின் நடுவே நெஞ்சு இறுகியது. தூணில் சாய்ந்து மறைக்கப் பார்த்தேன். பின் வரிசையில் நின்ற ஓர் இளைஞர் கண்டுகொண்டு என்னை அமரவைத்திராவிட்டால், இன்று இங்கே பேசிக்கொண்டிருக்கமாட்டேன்.

நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் பலர், மருத்துவர் மருந்து நேரத்தை மாற்றித் தந்தால் நோன்பு வைக்க முடியும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், வலி கட்டுக்குள் வராதவர்களும் வைக்கக்கூடாது. ஆகவே ஷஅபானிலேயே மருத்துவரைப் பாருங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. குணமடைந்தபின் கழாச் செய்யலாம். குணமடையும் வாய்ப்பில்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். அவ்வாறே நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். இறைவன் தந்த சலுகையை ஏற்க வெட்கப்படுவதில் பக்தி எங்கே இருக்கிறது?

நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையால் நோன்பு முறியுமா என்று பலர் கேட்கிறார்கள். 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தொண்டைக்குள் இறங்குவதை விழுங்காமல் தவிர்த்தால் அது நோன்பை முறிக்காது என்று முடிவு செய்துள்ளது. ஆலிம்களிடையே வேறு கருத்துகளும் இருக்கக்கூடும். மஸ்அலாவை நம் ஹஜ்ரத் அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஆனால் வலி வந்துவிட்ட நேரத்தில் மாத்திரைதான் முதலில், மஸ்அலா பிறகு.

மணி வேறுவிதமாக ஒலித்தால்

இவ்வளவு நேரம் சொன்னது பழகிய வலியைப் பற்றி. பழகிய வலி தன் குணத்தை மாற்றினால் அது வேறு செய்தி. ஓய்வில் இருக்கும்போதே வருவது, தூக்கத்திலிருந்து எழுப்புவது, முன்னைவிடச் சிறு வேலைக்கே வருவது, அடிக்கடி வருவது, நீண்ட நேரம் இருப்பது, வியர்வையும் குமட்டலும் சேர்ந்து வருவது ஆகிய எதுவாயினும் காத்திருக்கக்கூடாது. நோட்டு எழுதுகிறவருக்கு இந்த மாற்றம் உடனே தெரிந்துவிடும். எழுதாதவர் "வழக்கமான வலிதானே" என்று ஏமாந்துபோவார். என் நண்பருக்கு அந்த இரவில் வந்தது வழக்கமான வலி அன்று. படுக்கையில் வந்த வலி. அவரிடம் நோட்டும் இல்லை. சொல்லி வைத்த ஆளும் இல்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் நீங்களே இருசக்கர வாகனத்தை எடுத்துக்கொண்டு புறப்படாதீர்கள். 108-ஐ அழையுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், அமர்ந்திருங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை இல்லாதவர்க்கு அதை மென்று விழுங்குமாறு மருத்துவர் முன்பே சொல்லியிருந்தால், அதைச் செய்யுங்கள். டவுன்ஷிப்பில் நமக்கு என்.எல்.சி. பொது மருத்துவமனை அருகில் இருக்கிறது. ஓய்வுபெற்றுச் சுற்றுக் கிராமங்களுக்குக் குடிபோனவர்கள், தமிழக அரசு 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மருந்துகள் வைக்கப்பட்டுள்ளன என்பதை அறிந்து வையுங்கள். புதுச்சேரி ஜிப்மருக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் எத்தனை நிமிடத்தை வீட்டிலேயே தொலைக்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

ஜமாஅத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, கீழ்த்தளத்தில், வாசலுக்கு அருகில், நாற்காலிகளுக்கென ஓர் இடம் எப்போதும் இருக்கட்டும். அதில் அமர்பவரை எவரும் ஏளனமாகப் பார்க்க வேண்டாம். இரண்டாவது, நம் இளைஞர்கள் மருத்துவமனையாரின் துணையோடு, மூச்சுப் பேச்சின்றி விழுந்தவரின் மார்பை அழுத்தி உயிர் காக்கும் பயிற்சியைப் பெற வேண்டும். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஏறக்குறைய 5 செ.மீ. ஆழம், கற்பது கடினமன்று. மூன்றாவது, மாதம் ஒருமுறை, இந்நோய் உள்ளவர்கள் அஸருக்குப் பின் சிறிது நேரம் அமர்ந்து பேசுவோம். நானும் என் நோட்டைக் கொண்டு வருகிறேன்.

நான் இன்றும் அந்தச் சிறுபாலத்தைக் கடந்துதான் பஜ்ருக்கு வருகிறேன். பெரும்பாலான நாள்களில் நிற்காமலே கடந்துவிடுகிறேன். சில நாள்களில் நெஞ்சு இறுகும். அப்போது செருப்பைத் தொடுவதில்லை. பாலத்தின் கட்டைச் சுவரில் அமர்ந்து, உடன் வருபவரிடம், "நெஞ்சு வலிக்கிறது, கொஞ்சம் இருங்கள்" என்று சொல்லிவிட்டு, மாத்திரையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறேன். இந்த நான்கு சொற்களை என் நண்பர் என்னிடம் சொல்லியிருந்தால், தம் மகளின் நிகாஹை அவரே நடத்தி வைத்திருக்கக்கூடும்.

உங்களில் எவரேனும் இன்று செருப்பு வாரைத் தொட்டுக்கொண்டிருந்தால், வீட்டுக்குப் போனதும் முதலில் உங்கள் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள்; நாளைக் காலை மருத்துவரிடம் செல்லுங்கள். நம் அனைவருக்கும் நிறைந்த உடல்நலத்தையும், நோயுற்றோருக்குப் பூரண சுகத்தையும், மறைந்தோருக்கு மன்னிப்பையும் வல்ல இறைவன் வழங்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.